பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கல்யாணக் கார்டில் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. மண்டபம், முகூர்த்தம், சாப்பாட்டு நேரம், கார் விடுவதற்கான இடம் வரைக்கும் எல்லாம் அச்சுக்கு ஆயத்தமாக இருந்தன. மணமகளின் தந்தை வரதராஜாவின் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'அமரர்' என்று போடுவதா என்பதுதான் மூன்று கிழமையாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

கேட்டவர் மாப்பிள்ளை நரேனின் தாயார் ராதா. கோயம்புத்தூர்க்காரர், இருபது வருடமாகச் சிட்னியில் பிளாக்டவுன் வாசி, வாய் நிறைய மரியாதை வைத்திருப்பவர். "தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. பிரிண்டர் கேக்கறாங்க. அப்பா பேருக்கு முன்னாடி என்ன போடறதுன்னு மட்டும் நீங்க சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார் தொலைபேசியில். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள் சிவகௌரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ராதாவுக்கு விளங்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு மனிதர் இருக்கிறார், அல்லது இல்லை என்ற அளவில்தான் அவருக்கு உலகம் பழக்கம்.

மகள் பார்கவிக்கு விளங்கும். ஆகவே அவள் கேட்கவேயில்லை. ஞாயிறு காலை சிட்னியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. "அம்மா, புதன்கிழமை கார்ட் பிரிண்டுக்குப் போகுது. நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு ஓகே." அந்த ஓகேதான் சிவகௌரியை இடித்தது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. என்ன சொன்னாலும் ஓகே என்றால், பாரம் முழுக்கத் தாயின் தலையில் என்றுதானே அர்த்தம்.

சிவகௌரிக்கு ஐம்பத்து மூன்று வயது. மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இரண்டு அறை யூனிட். கிழமை நாட்களில் டண்டினோங்கில் சாலட் இலை பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு பின்னேரம் ஒரு சமூக வானொலியின் ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் சம்பளமில்லாத வேலை. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. பதினாறு வருடமாக அதில் ஒரு மாற்றமும் இல்லை. கோயிலில் சில பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

ஒலிக்கட்டுப்பாடு அவளுக்கு யார் சொல்லித் தந்தது என்று வானொலிக்காரர்கள் கேட்டபோது, "என்ர மனிசன்ர தொழில்" என்றாள். வரதராஜா விசுவமடுவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கல்யாணம், திருவிழா, கூட்டம், செத்தவீடு, எதற்கும் அவர்தான். ஊரில் யாராவது செத்தால் ஓட்டோவில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவித்தல் சொல்வார். அந்த நேரத்தில் அவருடைய குரலே மாறிவிடும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று ஒரு உறவையும் விடமாட்டார். புறப்படுமுன் மைக்கைத் தட்டி, "சத்தம் காணுமோ?" என்று கேட்பார். படலையடியில் நிற்கும் சிவகௌரி போதும் என்று கையை உயர்த்தினால்தான் ஓட்டோ நகரும்.

அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் ஒரு ஒலிபெருக்கியை நம்பித்தான் போனார். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த சனத்தைக் கம்பிவேலிக்குள் இருத்தி வைத்திருந்தபோது, ஆமி மைக்கில் அறிவித்தது. இயக்கத்தோடு ஒரு நாள் நின்றவர்களும் வந்து பதியட்டும், பதிந்தால் பிரச்சினையில்லை. வரதராஜா துவக்குத் தூக்கியவர் அல்ல. ஆனால் அவர்களுடைய கூட்டங்களுக்கு மைக் கட்டியிருக்கிறார். அது ஒரு நாளா, நூறு நாளா என்று அவருக்குக் குழப்பம். ஒன்பது வயதுப் பார்கவி பசியில் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள். பதிந்த குடும்பங்களுக்கு முதலில் சோற்றுப் பார்சல் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சிவகௌரிதான் சொன்னாள், "போய்ப் பதிஞ்சு போட்டு வாங்கோ. பிள்ளைக்குச் சாப்பாடு தருவினமாம்."

"போட்டு வாறன்" என்று அவர் போனார். ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனது.

அதற்குப் பிறகு அவள் ஏறாத முகாம் வாசல் இல்லை, கொடுக்காத மனு இல்லை. கடல் வழியாக ஒஸ்ரேலியா வந்த பிறகும் ஒவ்வொரு படிவத்திலும் 'திருமணமானவர்' என்ற பெட்டியில்தான் அடையாளம் இட்டாள். கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டால், "உயிரோடதான் இருக்கிறார். வருவார்" என்பாள். யார் கேட்டாலும் அதே பதில், அதே குரல். அது நம்பிக்கை என்று சனம் நினைத்தது. உள்ளே இருந்தது வேறு. அவர் செத்துவிட்டார் என்றால், சாவுக்கு அனுப்பி வைத்தவள் அவள்தான். அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. வீட்டுச் சமையலில் உப்பைக் குறைத்துப் போடுவதுகூட அவர் பிரஷர்காரர் என்பதற்காகத்தான். பதினாறு வருடமாக வராத ஒருவருக்கு உப்புக் குறைத்துச் சமைத்துவிட்டு, தனியே இருந்து சாப்பிட்டாள். ஏக்கம் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சப்பென்ற பருப்புக் கறி என்று எழுதலாம்.

வானொலியில் மூன்று மணிக்குத் தமிழ் நேரம், நான்கு மணிக்குப் பாரசீக நேரம். தமிழ் நேரத்தின் அறிவிப்பாளர் ஸ்ரீகாந்த் அண்ணை. தீபாவளிச் சேலை மலிவுவிற்பனையையும் மரண அறிவித்தலையும் ஒரே கம்பீரத்தில் வாசிக்கக்கூடிய பிறவி. கடைசிப் பத்து நிமிடம் மரண அறிவித்தல். சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்னை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, பேரப்பிள்ளைகள் வரை பட்டியல் இறங்கும். பின்னால் ஒரு வீணை மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும். அந்த வீணையின் சத்தத்தை ஏற்றி இறக்குவது சிவகௌரி. ஸ்ரீகாந்த் அண்ணை இரண்டு தரம் கேட்டிருக்கிறார், "தங்கச்சி, வரதனுக்கும் ஒண்டு வாசிப்பமே? மனசு ஆறுமல்லோ." அவள் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

நான்கு மணிக்கு மினா வருவாள். ஷிராஸ் நகரத்துப் பெண், நாற்பது வயது, பல் வைத்தியரிடம் உதவியாளர். செய்தி வாசிக்கத் தெரியும், இயந்திரம் தெரியாது. அதனால் சிவகௌரி அவளுக்காக ஒரு மணித்தியாலம் கூட நிற்பாள். இருவரும் பேசுவது உடைந்த ஆங்கிலம். ஆனால் நான்கு வருடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டதில் சிவகௌரிக்குக் கொஞ்சம் பாரசீகம் ஒட்டிக்கொண்டது. செய்தியில் ஒட்டியது என்பதால் எல்லாம் போர்ச் சொற்கள். கொஷ்தே என்றால் கொல்லப்பட்டவர். ஆதஷ்பஸ் என்றால் போர்நிறுத்தம். மஃப்கூத் என்றால் காணாமல் போனவர். தேநீர் கேட்கத் தெரியாது, குண்டு விழுந்ததைச் சொல்லத் தெரியும்.

மினாவின் செய்தி முன்பெல்லாம் எந்த ஏவுகணை எத்தனை கிலோமீற்றர் பறந்தது, எந்தத் தளபதி என்ன சூளுரைத்தார் என்றுதான் இருக்கும். நீ அரசாங்கத்தின் ஆள் என்று ஒருவர் முறைப்பாடு கொடுத்தார். நீ எதிரியின் ஆள் என்று இன்னொருவர் கொடுத்தார். நிர்வாகம் பயந்துபோய், பாரசீகப் பத்திரிகைகள் போரை எழுதும் விதத்தை ஆராய்கிற ஒரு பல்கலைக்கழகக்காரரைக் கூட்டிவந்து அரைநாள் வகுப்பு வைத்தது. அறைக் கதவின் திறப்பு சிவகௌரியிடம் இருந்ததால் அவளும் பின்கதிரையில் இருந்தாள்.

அவர் ஒரு தாள் கொடுத்தார். இடப்பக்கம் போர்ச் செய்தி, வலப்பக்கம் அமைதிச் செய்தி. இடப்பக்கத்துக்காரன் யார் வெல்கிறான் என்று பார்ப்பான், தலைவர்களின் வாயைப் பார்ப்பான், ஒரு பக்கத்துக் கண்ணீரை மட்டும் எழுதுவான், துவக்கு ஓய்ந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த போருக்குப் போய்விடுவான். வலப்பக்கத்துக்காரன் அதற்குப் பிறகும் நின்று, மிஞ்சிய சனம் என்ன ஆனது என்று கேட்பான். கடைசியில் ஒரு கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறோமா?

மினா அந்தத் தாளை ஸ்ரூடியோக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அது சிவகௌரியின் கண்ணுக்கு நேரே இருந்தது. துவக்கு ஓய்ந்ததும் போய்விடுவான் என்ற வரியில் அவளுக்குக் கோபம் வரும். யுத்தம் முடிந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி வாசித்து முடித்த நேரத்தில் வரதராஜா பஸ்ஸில் உயிரோடு இருந்தார். செத்தோர் கணக்கிலும் அவர் இல்லை, சரணடைந்தோர் கணக்கிலும் இல்லை. அவருடைய கதை தொடங்கும்போது எழுத ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்த ஆனி மாதம் ஈரானில் பன்னிரண்டு நாள் குண்டு விழுந்தபோது ஒரு பிழை நடந்தது. இன்ரநெற் அறுந்து, மினாவால் ஊரிலிருந்த தன் தம்பியோடு நாலு நாளாகப் பேச முடியவில்லை. காய்ந்த குரலில் இலக்கங்களை வாசித்தாள். இத்தனை கொஷ்தே, இத்தனை காயம். சிவகௌரி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், தமிழ் நேரத்து வீணையை இறக்க மறந்துபோனாள். வருடக்கணக்காகக் கேட்ட வீணை, அவள் காதுக்கு அது சத்தமாகவே படுவதில்லை. பாரசீகச் செய்திக்குப் பின்னால் மூன்று நிமிடம் தமிழ்ச் செத்தவீட்டு இசை போனது.

மினா நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னின. இன்றைக்கு வேலை போச்சு என்று சிவகௌரி நினைத்தாள். முதல் அழைப்பில் ஒரு ஆண், ஆங்கிலத்தில் பேசினார். "உங்கள் இலக்கத்தில் என் மாமா மகனும் இருக்கிறான். அவனுடைய பெயர் பெஹ்ரூஸ். அதையும் சொல்லுங்கள்" என்றார். அடுத்தவரும் ஒரு பெயர்தான் சொன்னார். அதற்கடுத்தவரும்.

நிகழ்ச்சி முடிந்ததும், "அது என்ன இசை, கௌரி ஜான்?" என்று மினா கேட்டாள். பெயரோடு ஜான் சேர்ப்பது அவர்களுடைய செல்லம். சிவகௌரி ஒரு பழைய அறிவித்தலை எடுத்து வரிவரியாகச் சொன்னாள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகள், யாருக்கு மனைவி, யாருக்கு மாமி. மினா ஒவ்வொரு உறவாக விரல் மடித்து எண்ணிப் பார்த்து, "ஒரு ஆளுக்கு முப்பத்தொரு பேர்" என்றாள். அடுத்த ஞாயிறு முதல் பாரசீக நேரத்தின் கடைசி ஐந்து நிமிடம் பெயர்களுக்குப் போனது. ஈரான்காரர், ஆப்கானியர், ஒரு தரம் ஈரானின் குண்டு விழுந்த மறுபக்கத்தில் இறந்த ஒரு தாதியின் பெயரும். அன்றைக்கு இரண்டு பேர் அழைப்பெடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மினா இருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த கிழமையும் வாசித்தாள். அவளுடைய தம்பி உயிரோடு கிடைத்துவிட்டான். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

பார்கவியின் குறுஞ்செய்தி வந்த ஞாயிறு, நான்கேகாலுக்கு ஒரு அழைப்பு வந்தது. டண்டினோங்கில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஹசாரா இனத்து ஆப்கான் முதியவர் ஒருவர். மகன் நாலு வருடத்துக்கு முன் காபூலிலிருந்து எல்லைப் பக்கம் புறப்பட்டவன், மஃப்கூத். அவன் பெயரையும் வாசிக்க முடியுமா என்று அரைகுறை ஆங்கிலத்தில் சிவகௌரியிடம் கேட்டார். மினா பாட்டொன்றைப் போடச் சொல்லிவிட்டு, உறுதியான இறப்புகளை மட்டும்தான் வாசிக்கிறோம் என்று மரியாதையாக விளக்கினாள். அந்த மனிதர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த நன்றி சிவகௌரிக்குத் தாங்கமுடியவில்லை. எத்தனை அலுவலகத்துக் கதவடியில் அவளும் அப்படி நன்றி சொல்லித் திரும்பியிருக்கிறாள்.

அவள் எழுந்து ஸ்ரூடியோவுக்குள் போனாள்.

"அவருடைய மகனை ஏன் வாசிக்கக்கூடாது?"

"எப்படி வாசிக்கிறது? செத்தான் என்றால் தகப்பனைக் கொல்கிறேன். இருக்கிறான் என்றால் பொய் சொல்கிறேன்."

சிவகௌரி கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "தெரியாது என்று வாசி. நீதானே இதை ஒட்டினாய்."

மினா அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். பிறகு முதியவரின் இலக்கத்தைத் தேடி அழுத்தினாள். சிவகௌரி வாசலில் நின்றாள், போகவில்லை. மினா போனை வைத்ததும், "இன்னொரு பெயரும் இருக்கு" என்றாள் சிவகௌரி.

தமிழ் நேரத்து அறிவித்தல் படிவம் ஒன்றை எடுத்து, மேசை விளிம்பில் வைத்து ஆங்கிலத்தில் நிரப்பினாள். பெயர், வரதராஜா. பிறந்த ஊர், உடுப்பிட்டி. வாழ்ந்த ஊர், விசுவமடு. தொழில், ஒலிபெருக்கி. சிவகௌரியின் கணவர், பார்கவியின் அப்பா. இறந்த திகதி என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற எந்தப் படிவத்திலும் இப்படியொரு கட்டத்தைக் கண்டால் அவள் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இன்றைக்குப் பேனை அதிலேயே நின்றது. தெரியாது என்று எழுதினாள். அடியில் வெற்றிடம் இருந்தது. கடைசியாகக் கண்ட இடம், வட்டுவாகல். கடைசியாகக் கண்டவர், மனைவி. போகச் சொன்னவர், மனைவி.

மினா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இந்தக் கடைசி வரியும் வேண்டுமா?"

"ஓம்" என்றாள் சிவகௌரி தமிழில். மினாவுக்கு அந்தச் சொல் தெரியும்.

தமிழ் நேரத்தில் இதை அவளால் செய்திருக்க முடியாது. நோபல் பார்க்கிலிருந்து கிரெய்கிபர்ன் வரை தெரிந்த சனம் முழுக்கக் கேட்கும். பின்னேரமே வாழைப்பழத்தோடு துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். பாரசீகத்தில் அவளுக்கு உறவில்லை. துக்கம் விசாரிக்காமல் கேட்கக்கூடிய காதுகள் அங்கேதான் இருந்தன.

நாலு ஐம்பத்தைந்துக்கு மினா மைக்கை இழுத்து வைத்து, கண்ணாடிக்கு அப்பாலிருந்து, வழக்கமாகச் சிவகௌரி கேட்கும் கேள்வியைத் தன் கொச்சைத் தமிழில் கேட்டாள். "சத்தம் காணுமோ?" சிவகௌரி கையை உயர்த்தினாள். வீணையைப் போடவில்லை. அது செத்தவர்களுக்கு.

முதலில் ரொட்டிக்கடைக்காரரின் மகன். பிறகு வரதராஜாவின் பெயர் மூன்று இடத்தில் நீண்டு, வாராதாராஜா என்று வந்தது. ஒரு ஒலிபெருக்கியிலிருந்து அந்தப் பெயர் வெளியே வருவதை அவள் முதல்தரம் கேட்டாள். மற்றச் சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை. மஃப்கூத் விளங்கியது. கடைசி வரி எது என்பதும் மினாவின் குரல் தணிந்ததில் விளங்கியது. அந்த வரி டண்டினோங் முழுக்கப் போய், குசினிகளிலும் கார்களிலும் கேட்டிருக்கும். வானம் இடிந்து விழவில்லை. சிவகௌரி கன்சோலில் தலையை வைத்து அழுதாள். அவருடைய ஓட்டோவின் சத்தம் ஒரே ஒரு தரம் ஒழுங்கை முனையில் கேட்டால் போதும் என்று இருந்தது. உப்புப் போட்டுச் சமைத்ததற்கு அவர் ஏசினாலும் போதும் என்று இருந்தது.

வெளியே வந்து கார்த் தரிப்பிடத்தில் நின்றபடி பார்கவிக்கு அழைத்தாள்.

"பிள்ளை, கார்டில அப்பான்ர பேரை மட்டும் போடு. முன்னால ஒண்டும் வேண்டாம்."

"ராதா அன்ரி கேப்பா அம்மா. திருவா, அமரரா எண்டு."

"கேட்டா, எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லு."

"தெரியாதெண்டோ?" என்று பார்கவி திருப்பிக் கேட்டாள். பதினாறு வருடமாக உயிரோடு இருக்கிறார், வருவார் என்ற ஒரே பதிலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

"அவரைப் போகச் சொன்னது நான்தான், பார்கவி" என்றாள் சிவகௌரி. "அதையும் உனக்குச் சொல்லவேணும்."

"எனக்குத் தெரியும் அம்மா. பக்கத்திலதானே இருந்தனான்." பார்கவியின் குரல் உடைந்தது. "நான் பசிக்குதெண்டு அழுதபடியாத்தானே நீங்கள் சொன்னனீங்கள். நான் அண்டைக்கு அழாமல் இருந்திருக்கலாம்."

இவ்வளவு காலமும் தான் மட்டும் சுமப்பதாகச் சிவகௌரி நினைத்த பாரத்தின் மற்றப் பக்கத்தை அந்த ஒன்பது வயதுப் பிள்ளை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்ன சொன்னாலும் ஓகே என்று அவள் எழுதியது அதனால்தான்.

"பசிச்சா பிள்ளையள் அழத்தான் வேணும்" என்றாள். "அதுக்கு நீ என்னம்மா செய்வாய்."

பார்கவி அழுது முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. வெகுநேரம் ஒரு சத்தமும் வராதபோது, "பிள்ளை, நிக்கிறியோ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. நிக்கிறன்."